அத்தியாயம் 7: பல் வெண்மைக்கு வீட்டு வைத்தியம் - எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பல்லை வெளுப்பாக்கும் என்று சொல்லப்படும் வீட்டு வைத்தியங்களில் பலவும் இரண்டில் ஒரு வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று, பல்லின் மேல் படிந்த கறையை எடுக்கின்றன. இல்லையென்றால் பல்லையே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கின்றன. முதல் வாரத்தில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதற்குள் போன எனாமல் திரும்பி வராது. இந்த அத்தியாயத்தில் முதல் வகையை எப்படிச் செய்வது, இரண்டாம் வகையை எப்படி அடையாளம் கண்டு ஒதுக்குவது என்று பார்ப்போம்.

பல் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது?

பல்லின் வெளிக்கவசம் எனாமல். மனித உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் வேறு கிடையாது. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு. ஆனால் மெல்லியது. கடிக்கும் முனையில் அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க இன்னும் மெலிந்துவிடும். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், தேய்ந்தது தேய்ந்ததுதான்.

எனாமலுக்கு அடியில் டென்டின் என்ற அடுக்கு இருக்கிறது. அதன் இயல்பான நிறமே வெளிர் மஞ்சள். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், மஞ்சள் சுவர் மேல் பதித்த பால்நிறக் கண்ணாடி மாதிரி உள்நிறத்தையும் சேர்த்தே காட்டும். வயதாக ஆக எனாமல் மெலியும், டென்டின் தடிக்கும், பல் மஞ்சளாகும். இது அழுக்கு இல்லை. எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் இந்த மஞ்சள் போகாது. விடாமல் தேய்த்தால் எனாமல் இன்னும் மெலிந்து, மஞ்சள் கூடத்தான் செய்யும்.

முதலில் கறையை அடையாளம் காணுங்கள்

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, கையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். முன்பற்களைச் சுத்தமான கைக்குட்டையால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு ஈறோரத்தை விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

* நகத்தில் வெள்ளையாக, மாவு போல ஒட்டினால் அது கிருமிப் படலம். ஒழுங்காகப் பல் துலக்கினாலே போய்விடும்.

* சொரசொரப்பாக, கல் போல, சுரண்டினாலும் வராமல் இருந்தால் அது காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் பெரும்பாலும் முதலில் சேரும்; உமிழ்நீர் சுரக்கும் துளைகள் அருகில் இருப்பதே காரணம். வீட்டு வைத்தியத்தில் காரை கரையாது.

* பற்களுக்கு இடையிலும் ஈறோரத்திலும் பழுப்புக் கோடுகள் இருந்தால் டீ, காபி, வெற்றிலை, புகையிலைக் கறை. வீட்டில் நாம் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது இந்தக் கறையைத்தான்.

* குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைச் சில வாரம் பயன்படுத்தினாலும், இரும்புச்சத்து டானிக் குடித்தாலும் பழுப்பு அல்லது கறுப்புக் கறை விழும். இதுவும் மேற்பரப்புக் கறைதான்.

* எல்லாப் பற்களும் ஒரே சீராக மஞ்சள் என்றால் அது வயது அல்லது பிறவி நிறம்.

* இருபுறமும் ஒத்த பற்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டுகளோ பழுப்புப் பட்டைகளோ இருந்தால் ஃபுளோரோசிஸாக இருக்கலாம். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் ஊர்களில், பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு இது வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நீண்டகாலம் இந்தப் பிரச்சினையோடு இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இந்த நிறம் எனாமலுக்கு உள்ளேயே இருக்கிறது. தேய்த்து எடுக்க வழியில்லை.

* ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறினால், எப்போதோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

செய்யக்கூடியது: ஆப்ப சோடா

வீட்டுப் பொருட்களில் பல் மருத்துவமும் ஓரளவு ஏற்றுக்கொண்டது சோடியம் பைகார்பனேட். கடையில் சமையல் சோடா, ஆப்ப சோடா என்று கேட்டால் தருவார்கள். இது எனாமலைவிட மிகவும் மிருதுவானது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமல் சுமார் 5, ஆப்ப சோடா இரண்டரை. அதோடு எச்சிலில் கரைந்துவிடும். கூர்மையான துகள் நெடுநேரம் உராய்வதில்லை. லேசான காரத்தன்மை உள்ளதால் வாயில் இருக்கும் அமிலத்தையும் தணிக்கிறது.

வாங்கும்போது இரண்டு குழப்பங்களைத் தவிருங்கள். சலவை சோடா வேறு பொருள். கடுங்காரம், வாயைப் புண்ணாக்கிவிடும். கேக் செய்யும் பேக்கிங் பவுடரும் வேறு. அதில் சோடாவோடு அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும்.

செய்முறை:

1. வழக்கம்போல ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுப் பல் துலக்கிக் கொப்பளித்துவிடுங்கள்.

2. கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவை உள்ளங்கையில் எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். இட்லி மாவு பதம் வந்தால் போதும்.

3. மிருதுவான பிரஷ்ஷில் தொட்டு, ஈறிலிருந்து பல்முனை நோக்கி மெல்லச் சுழற்றித் தேயுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிரஷ்ஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

4. துப்பிவிட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். விழுங்க வேண்டாம், இதில் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

5. வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

உப்புக் கரிக்கும், சோப்பு போலச் சுவைக்கும். டீக் கறை சில வாரங்களில் மெல்ல மங்கும். கறை போனபின் உங்கள் பல்லின் சொந்த நிறம் தெரியும். அதற்கு மேல் வெளுக்காது. அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று தினமும் தேய்க்கத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஆப்ப சோடாவில் ஃபுளோரைடு கிடையாது. எனவே பேஸ்டுக்குப் பதிலாக இதை மட்டும் வைத்துக்கொண்டால் சொத்தைக்கு இடம் கொடுத்ததாகும்.

செய்யக்கூடாதது: எலுமிச்சையும் வினிகரும்

எலுமிச்சைத் தோலைப் பல்லில் தேய்ப்பது, எலுமிச்சைச் சாற்றில் உப்பு கலந்து துலக்குவது, ஆப்பிள் சிடர் வினிகரில் கொப்பளிப்பது, புளியைத் தேய்ப்பது எல்லாம் ஒரே ரகம். எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு ஏறத்தாழ பி.எச். 5.5. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் இரண்டரைக்கும் இடையில். அளவுகோலில் ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எலுமிச்சை போட்டதும் பல் வெளுத்ததே என்று கேட்பவர்கள் உண்டு. வெளுத்தது உண்மைதான். அமிலம் பட்டு மேற்பரப்பின் தாது உப்பு கரைந்ததும் அந்த இடம் பளபளப்பை இழந்து சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். சொத்தை தொடங்கும் இடத்தில் முதலில் தெரிவதும் இதே மாதிரியான வெள்ளைத் திட்டுதான். மிருதுவாகிப்போன அந்தப் பரப்பைப் பிரஷ் எளிதாக வாரிக்கொண்டு போகும். சில மாதங்களில் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூச்சம். அப்புறம் முன்னைவிட அதிக மஞ்சள்.

சந்தேகம் இருந்தால் அடுக்களையிலேயே சோதித்துப் பாருங்கள். முட்டை ஓட்டில் ஒரு துண்டை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். அடுத்த நிமிடமே ஓட்டின் மேல் குமிழிகள் முத்து முத்தாக ஏறும். இரவு முழுக்க விட்டால் காலையில் ஓடு நெகிழ்ந்து, தொட்டால் வழுக்கும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகை, இவ்வளவு வேகமாகக் கரையாது. ஆனால் நடக்கும் காரியம் ஒன்றேதான்.

எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் கலந்தால் பொங்குகிறதே, அது அழுக்கை எடுக்காதா? பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்க்கின்றன. எலுமிச்சை மிஞ்சினால் பல் அரிக்கும். சோடா மிஞ்சினால் வெறும் சோடாவால் கிடைத்திருக்கும் பலன்தான் கிடைக்கும். கலப்பதில் லாபம் எதுவுமில்லை. வெளிநாட்டில் ஸ்ட்ராபெரிப் பழத்தையும் சோடாவையும் பிசைந்து தேய்க்கும் பழக்கம் பரவியபோது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி பல் உண்மையில் வெளுக்கவில்லை.

எலுமிச்சை ஜூஸோ கோலாவோ குடித்த கையோடு பல் துலக்குவதும் தப்பு. தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். அதற்குள் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இளகிய பரப்பை ஓரளவு மீட்டுவிடும்.

கரி, சாம்பல், செங்கல் பொடி

உமிக்கரியில் பல் துலக்கிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் கரியிலதான் தேய்ச்சார், ஒரு பல்லுகூட விழலை" என்று சொல்வார்கள். தாத்தாவின் பல் விழாததற்குச் சர்க்கரை குறைவாகச் சாப்பிட்டதும், மென்று தின்னும் உணவும் காரணமாக இருக்கலாம். அவர் பற்கள் தேய்ந்து தட்டையாகி மஞ்சளேறி இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு சரியாகும்.

நெல் உமியில் சிலிக்கா மிக அதிகம், எரித்தாலும் போகாது. மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். செங்கல் பொடியிலும் ஆற்று மணலிலும் உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவுகோலில் 7, எனாமலைவிடக் கடினம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அங்கே எனாமலே கிடையாது.

இதே கரி இப்போது 'ஆக்டிவேட்டட் சார்கோல்' என்ற பெயரில் அழகான டப்பாவில் வருகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, கரிப் பொருட்கள் பாதுகாப்பானவை என்றோ பல்லை வெளுக்கும் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. கரித்தூள் ஈறோரத்திலும் பல் அடைப்புகளின் விளிம்பிலும் சிக்கிக்கொண்டு கறுப்புக் கோடாக நிற்பதும் உண்டு.

ஒரு பொடி கையில் வந்தால் இப்படிப் பாருங்கள். சிட்டிகை எடுத்துத் தண்ணீர் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேயுங்கள். நறநறவென்று உறுத்தினால் வேண்டாம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். ஆப்ப சோடாவும் உப்பும் கரைந்துபோகும். கரியும் செங்கல் பொடியும் அடியில் தங்கும். கரையாததெல்லாம் கெடுதல் என்று அர்த்தமில்லை. பேஸ்டில் சேர்க்கும் சுண்ணப்பொடியும் கரையாதுதான். ஆனால் அங்கே துகளின் அளவையும் உராய்வையும் அளந்து சேர்க்கிறார்கள். அடுப்பங்கரைக் கரியை யாரும் அளப்பதில்லை.

புகையிலை கலந்த பல்பொடி எதையும் தொடவே கூடாது. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. மூக்குப்பொடியைப் பல்லில் தேய்க்கும் பழக்கமும் இதில் சேர்த்திதான்.

கெடுதல் இல்லை, ஆனால் வெளுக்காது

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு: ஒரு தேக்கரண்டி எண்ணெயை வாயில் விட்டு அலசித் துப்புவதால் கிருமிப் படலம் ஓரளவு குறையலாம். பல் நிறம் மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் பாதிக்கும்.

வேப்பங்குச்சி: முனையை நன்றாக மென்று நாராக்கிக்கொண்டு துலக்கினால் படலத்தை எடுக்கும். கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்கு எட்டாது. மெல்லாத கட்டைக் குச்சி ஈறைக் கிழிக்கும்.

உப்பு: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது ஈறுக்கு நல்லது. கல் உப்பைப் பல்லில் வைத்துத் தேய்ப்பது நல்லதல்ல.

மஞ்சள்தூள்: வேட்டியில் பட்டால் மஞ்சளாக்கும் பொருள் பல்லை மட்டும் வெளுக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. பழைய பல் அடைப்புகளில் நிறம் ஏறவும் கூடும்.

வாழைப்பழத் தோல்: தேய்த்தால் தீங்கும் இல்லை, பலனும் இல்லை.

மருந்துக்கடைப் பாட்டில்

மேற்பரப்பைத் தாண்டிப் பல்லின் உள்நிறத்தை உண்மையிலேயே மாற்றுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ விற்கும் இந்தத் திரவத்தை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். அப்படியே ஈறில் பட்டால் வெந்து வெள்ளையாகும், எரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள வெண்மைப் பொருளைப் பல் மருத்துவர் வழியாகத்தான் தர முடியும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தரவே கூடாது.

இதைப் பாதுகாப்பாகச் செய்ய முறை இருக்கிறது. மருத்துவர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்து மெல்லிய தட்டு செய்து, அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் அணியச் சொல்வார். 1989 முதல் பல் மருத்துவத்தில் உள்ள முறை இது. சொத்தை, விரிசல், ஈறு நோய் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். கட்டிய பல்லும், அடைத்த இடமும் இதில் வெளுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கறை படியாமல் இருக்க

* டீ, காபி குடித்ததும் ஒரு வாய்த் தண்ணீரில் கொப்பளியுங்கள். கறைக்குக் காரணம் டானின். பாலில் உள்ள கேசின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால், பால் சேர்த்த டீ கறுப்பு டீயைவிடக் குறைவாகவே கறை ஏற்றும்.

* ஒரே டம்ளரை மணிக்கணக்கில் உறிஞ்சுவதைவிட ஒரே மூச்சில் குடித்து முடிப்பது பல்லுக்கு நல்லது.

* இரும்பு டானிக்கை ஸ்டிராவில் குடித்து வாயைக் கொப்பளியுங்கள்.

* காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பிரஷ்ஷை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

காரை சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்வதுதான் வழி. "கிளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆட வைத்தது காரையும் ஈறு நோயும்தான். இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். டீக் கறையும் வெற்றிலைக் கறையும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். பல்லை வெளுக்க வேறு எதையும் தேட வேண்டியிருக்காது.

இவர்கள் வீட்டில் எதையும் முயல வேண்டாம்

குழந்தைகள், பல் கூச்சம் அல்லது ஈறில் ரத்தக் கசிவு உள்ளவர்கள், ஈறு இறங்கியவர்கள், சொத்தைப் பல் உள்ளவர்கள். பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஆப்ப சோடா போட்ட பிறகு கூச்சம் வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பாக்கு, புகையிலை சேர்க்காமல் போட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கறை எடுக்க உட்காரும் முன் வாயைத் திறந்து, நடு மூன்று விரல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், அல்லது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை, சிவப்புத் திட்டு தெரிந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், பல்லின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவரிடம் போங்கள்.